22 எழுத்து, 231 வாசல்: யூத மறைஞானத்தில் படைப்புச் சொல்

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் 'கடவுள் சொன்னார்' என்று எத்தனை முறை வருகிறது? எபிரேய மூலத்தில் 'வயோமெர்' என்ற வினையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் 3, 6, 9, 11, 14, 20, 24, 26, 28, 29 ஆகிய வசனங்களில், மொத்தம் 10 முறை. 'உலகம் 10 சொற்களால் படைக்கப்பட்டது' என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் அவோத் பகுதி (5:1) சொல்கிறது. கணக்கு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் மிஷ்னாவை விவாதிக்கும் பெருந்தொகுப்பான தல்மூதில் (ரோஷ் ஹஷானா 32அ) இதே பேச்சு வரும்போது, 'அங்கே இருப்பது 9தானே?' என்று ஒருவர் கேட்கிறார். பதில் வருகிறது: 'பெரேஷித்', அதாவது 'ஆதியிலே' என்ற தொடக்கச் சொல்லும் ஒரு கட்டளைதான், அதையும் சேர்த்துக்கொள். சான்று, 'கர்த்தருடைய வார்த்தையினால் வானங்கள் உண்டாயின' என்ற 33ஆம் சங்கீதத்தின் 6ஆம் வசனம். அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் பத்தில் எதைக் கழித்தார்கள்? 28ஆம் வசனம் மனிதருக்கு ஆசி. 29 உணவுக்கான ஏற்பாடு. இவற்றில் எது படைப்புக் கணக்கில் சேராது என்பதில் உரைகாரர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் இதை வெட்டித் தகராறு என்று தாண்டிப் போவார்கள். தாண்டக்கூடாது. யூத மறைஞானத்தில் படைப்புச் சொல் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய சரக்கு. அதற்கு அளவு உண்டு, வரிசை உண்டு, ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கெட்டுப்போகும் தன்மை உண்டு. இந்த மரபில் பக்தி இல்லை என்று சொல்லவில்லை. பக்தியும் இங்கே தச்சு வேலைபோல அளவுகோலோடுதான் வருகிறது என்கிறேன். இதை முதலிலேயே பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிற அட்டவணைகளும் எச்சரிக்கைகளும் விசித்திரமாகத் தெரியாது.

வாக்கியத்திலிருந்து எழுத்துக்கு இறங்கும் படி தல்மூதிலேயே இருக்கிறது. பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டிய கைவினைஞர் பெசலெயேலைப் பற்றி ரவ் என்ற ஆசிரியரின் கூற்று ஒன்று உண்டு (பெராகோத் 55அ): வானமும் பூமியும் எந்த எழுத்துகளால் படைக்கப்பட்டனவோ அவற்றைக் கோக்கத் தெரிந்தவர் பெசலெயேல். கவனிக்க வேண்டியது, இந்தப் பெருமை தீர்க்கதரிசிக்கோ அரசனுக்கோ போகவில்லை, ஒரு கைவினைஞருக்குப் போகிறது. வேதத்துக்கான பழைய விளக்க இலக்கியமான மிட்ராஷ் இன்னும் கீழே இறங்கி, உலகம் ஏன் 'பேத்' எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்கிறது. அதன் வடிவத்தைப் பார் என்கிறது: மேலே, கீழே, பின்னால் மூன்று பக்கமும் அடைப்பு, வாசிக்கும் திசையில் மட்டும் திறப்பு. ஆகவே மேலே என்ன, கீழே என்ன, முன்பு என்ன என்று ஆராயாதே, படைப்பு நாளிலிருந்து இந்தப் பக்கம் மட்டும் பார் என்பது அந்த மிட்ராஷ் நூல்களில் ஒன்றான ஆதியாகம ரப்பாவின் தீர்ப்பு. பிற்பாடு கபாலாவின் (யூத மறைஞான மரபின்) முதன்மை நூலான சொஹார் இதை ஒரு நாடகமாகவே விரிக்கிறது. எழுத்துகள் கடைசியிலிருந்து, 'தாவ்' முன்னே வர, ஒவ்வொன்றாகக் கடவுளிடம் வந்து 'என்னைக்கொண்டு உலகைப் படையும்' என்று கேட்கின்றன. தாவ் மரணத்தைக் குறிக்கும் 'மாவெத்' என்ற சொல்லின் முடிவில் நிற்கிறது, திரும்பிப் போ. ஷின் பொய்யைக் குறிக்கும் 'ஷெகெர்' சொல்லில் முதலாவது, நீயும் போ. கடைசியில் ஆசியின் எழுத்தான பேத்துக்கு வேலை கிடைக்கிறது. வந்து கேட்கவே கூச்சப்பட்டு ஒதுங்கி நின்ற ஆலெஃபுக்கு எல்லா எழுத்துகளுக்கும் தலைமை கிடைக்கிறது.

இனி அடிப்படை நூலுக்கு வருவோம். 'செஃபெர் யெட்சிரா', உருவாக்கத்தின் நூல். மிகச் சிறியது. நமக்குக் கிடைக்கும் வடிவங்களில் (பாடங்களில்) குறும்பாடம் ஏறக்குறைய 1300 சொற்கள், நெடும்பாடம் அதைப்போல் இரண்டு மடங்கு. எப்போது எழுதப்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு. உறுதியாகக் கையில் இருப்பது, 931இல் பாபிலோனியாவின் யூத அறிஞர் சாதியா காவோன் அரபியில் இதற்கு உரை எழுதினார் என்பது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் வட ஆப்பிரிக்காவின் கைருவானிலும் தென் இத்தாலியிலும் உரைகள் வந்துவிட்டன. அச்சில் ஏறியது 1562இல், மாந்துவாவில்.

நூல் 32 'ஞானப் பாதைகள்' என்று தொடங்குகிறது: 10 செஃபிரோத், 22 எழுத்துகள். (ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் 'எலோஹிம்' என்ற பெயர் 32 முறை வருவதைப் பிற்கால உரைகள் இதோடு சேர்த்துப் படிக்கும்.) இங்கே ஒரு பொதுவான பிழை நடக்கிறது. செஃபிரோத் என்றதும் மரம்போல வரைந்த கேத்தெர் (கிரீடம்), ஹொக்மா (ஞானம்), பினா (புரிதல்) வரிசை நினைவுக்கு வந்துவிடும். செஃபெர் யெட்சிராவில் அந்த வரிசை கிடையாது. அங்கே செஃபிரோத் என்பவை ஆவி, காற்று, நீர், நெருப்பு, ஆறு திசைகள் என்ற பத்து அடிப்படை அளவுகள். பத்து படைப்புச் சொற்களையும் பத்து தெய்வீக நிலைகளையும் ஒன்றாக்கிப் படிப்பது 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ப்ரொவான்ஸிலும் ஸ்பெயினிலும் உருவான கபாலாவின் வேலை. பழைய நூலுக்குள் புதிய படத்தை வைத்துப் படித்தால் இரண்டுமே குழம்பும்.

எழுத்துகளின் பிரிவு இப்படி. மூன்று தாய் எழுத்துகள்: ஆலெஃப், மேம், ஷின். ஏழு இரட்டை எழுத்துகள்: பேத், கிமெல், தாலெத், காஃப், பே, ரேஷ், தாவ். மீதி பன்னிரண்டும் ஒற்றை எழுத்துகள். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தின் உட்தலைப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஓரளவு பழகியிருக்கும். ஒவ்வொரு பிரிவும் மூன்று தளங்களில் வேலை செய்கிறது: உலகம், ஆண்டு, உடல். ஷின் உலகத்தில் நெருப்பு, ஆண்டில் வெப்பம், உடலில் தலை. மேம் நீர், குளிர், வயிறு. ஆலெஃப் இரண்டுக்கும் நடுவே காற்று, மிதமான பருவம், மார்பு. ஏழு எழுத்துகளுக்கு ஏழு கோள்கள், ஏழு நாட்கள், தலையிலுள்ள ஏழு துளைகள். பன்னிரண்டுக்கு ராசிகள், மாதங்கள், உறுப்புகள்.

இதற்கு அடியில் இன்னொரு பிரிவும் இருக்கிறது, எழுத்து வாயில் பிறக்கும் இடத்தை வைத்து: தொண்டையில் நான்கு, அண்ணத்தில் நான்கு, நாவில் ஐந்து, பல்லில் ஐந்து, இதழில் நான்கு. கூட்டினால் 22. 'இரட்டை' என்பதும் ஒலியைப் பொறுத்ததுதான். அந்த ஏழும் வல்லினமாகவும் மெல்லொலியாகவும் இரு விதமாக ஒலிக்கும். ரேஷ் மட்டும் இதில் இடறும். இன்றைய எபிரேய இலக்கணப் பாடத்தில் இரட்டை ஒலி உள்ளவை ஆறுதான், ரேஷ் இல்லை. திபேரியா நகரத்து அறிஞர் மரபின் உச்சரிப்பில் ரேஷுக்கு இரண்டு ஒலி இருந்ததைச் சாதியா பேசுகிறார். நூல் எந்த உச்சரிப்பு மரபை ஒட்டி எழுந்தது என்று தேடுபவர்களுக்கு இது நல்ல தடயம்.

படைப்பின் செயல்கள் ஐந்து வினைகளாக வருகின்றன: செதுக்கினார், வெட்டி எடுத்தார், எடை பார்த்தார், இடம் மாற்றினார், கோத்தார். இங்கே 'சொன்னார்' என்ற வினை முன்னணியில் இல்லை என்பதைப் பாருங்கள். கல்தச்சனின் வினைகள். எழுத்தைக் கல் என்றும் சொல்லை வீடு என்றும் நூலே சொல்கிறது: இரண்டு கல் 2 வீடு கட்டும், மூன்று கல் 6, நான்கு 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5040. 'இதற்குமேல் நீயே போய்க் கணக்குப் பார், வாயால் சொல்ல முடியாததும் காதால் கேட்க முடியாததும் வரும்' என்று முடிக்கிறது. கணிதம் படித்தவர்களுக்கு இது அப்பட்டமான காரணீயப் பெருக்கம்.

இப்போது 231 வாசல்கள். வாசல் என்பது இரண்டு எழுத்துகளின் ஜோடி. இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, எழுதித்தான் பார்க்க வேண்டும். 22 எழுத்துகளையும் ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு எழுத்திலிருந்தும் 21 கோடுகள், ஒரே கோட்டை இருமுறை எண்ணாமலிருக்க பாதியாக்கினால் 22 × 21 ÷ 2 = 231. நூல் சொல்லும் 'சக்கரம்' இதுதான். சக்கரம் முன்னும் பின்னும் சுழலும் என்றும், 'ஆலெஃப் எல்லாவற்றோடும், எல்லாம் ஆலெஃபோடும்' என்றும் வருவதால் திருப்பிப்போட்ட ஜோடிகளையும் சேர்த்து 462.

பட்டியலாக எழுத இரண்டு வழி. எளியது: முதல் வரியில் ஆலெஃபை மீதி 21 எழுத்துகளோடும் இணைப்பது, அடுத்த வரியில் பேத்தை அதற்குப் பின்னுள்ள 20 எழுத்துகளோடு, இப்படிக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஷின்-தாவ் என்ற ஒரே ஜோடி. ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட ஒன்று குறைவாக இருக்கிறதா என்று பார்த்தாலே விட்டுப்போனது தெரிந்துவிடும். இரண்டாவது வழி, 21 வரி, வரிக்கு 11 ஜோடி, ஒவ்வொரு வரியிலும் 22 எழுத்தும் ஒருமுறை. 22 அணிகள் மோதும் லீக் போட்டிக்கு அட்டவணை போடுவதைப்போல. எந்த அணியும் ஒரே சுற்றில் இருமுறை ஆடக்கூடாது, எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோத வேண்டும். பார்க்க அழகு, ஆனால் பாதியில் சிக்கும்.

எங்கே சிக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் தாவிச் செல்லும் முறை. ஆலெஃபில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகப் போனால் முதல் வரி, இரண்டிரண்டாகத் தாவினால் இரண்டாவது வரி என்று போட்டுக்கொண்டே வாருங்கள். 11 எழுத்து தாவும் வரியில் ஆலெஃபிலிருந்து 12ஆம் எழுத்தான லாமெத்துக்குப் போவீர்கள். அங்கிருந்து இன்னும் 11 தாவினால் மறுபடி ஆலெஃப். வரி முழுக்க ஆலெஃப்-லாமெத் மட்டுமே, 11 முறை. 11 ஜோடி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான், 10 குறைகிறது. சில கைப்பிரதிகளில் 231க்குப் பதிலாக 221 என்று இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லும் விளக்கம் உண்டு. இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. எண்களை எழுத்தால் குறிக்கும் எபிரேயத்தில் 231க்கும் 221க்கும் வித்தியாசம் நடுவில் வரும் ஒரே எழுத்துதான், லாமெத்தா காஃபா என்பது. பிரதி எடுப்பவரின் கை தவறினாலே போதும். இரண்டு எண்ணையும் கண்டு மிரள வேண்டியதில்லை, கையிலிருக்கும் அட்டவணை எந்த முறையில் போடப்பட்டது என்று மட்டும் பாருங்கள்.

இந்தச் சேர்க்கை எதற்கு? நூலே ஒரு மாதிரி தருகிறது. ஆயின், நூன், கிமெல் என்ற மூன்று எழுத்துகள். இந்த வரிசையில் 'ஓனெக்', இன்பம். அதே மூன்றில் ஆயினைக் கடைசிக்குத் தள்ளினால் 'நெகா', கொள்ளைநோய். நன்மையில் ஓனெக்கைவிட உயர்ந்ததில்லை, தீமையில் நெகாவைவிடத் தாழ்ந்ததில்லை என்கிறது. சரக்கு ஒன்று, அடுக்கு வேறு. திசைகளுக்கும் இதே உத்தி: யோத், ஹே, வாவ் என்ற மூன்றும் ஆறு விதமாக மாறி அமையும், அந்த ஆறு அமைப்புகளால் மேல், கீழ், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு ஆகியவற்றைக் கடவுள் முத்திரையிட்டார். வெளி எல்லையில்லாமல் சிதறிப்போகாதபடி ஆறு பக்கமும் அவருடைய பெயரால் பூட்டு.

நம் வாசகர்களில் பலர் இந்த இடத்தில் 'ஓம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். அங்கே ஒரே ஒலியில் எல்லாம் ஒடுங்குகிறது. இங்கே ஒலி ஒன்றாக ஒடுங்குவதே இல்லை, 22 ஆகப் பிரிந்தே நிற்கிறது. படைப்பு நடப்பது அவற்றுக்கு இடையிலான இணைப்புகளில். எல்லா மரபும் கடைசியில் ஒன்றையே சொல்கின்றன என்ற சோம்பேறித்தனத்துக்கு இந்த 231 கோடுகள் இடம் கொடுப்பதில்லை.

எழுத்துச் சேர்க்கையை உடலால் செய்யும் பயிற்சியாக்கியவர் ஆப்ரகாம் அபுலாஃபியா. 1240இல் ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்தவர். 1280இல் போப் மூன்றாம் நிக்கோலஸைச் சந்திக்க ரோமுக்கே கிளம்பிப்போனவர், போன சமயத்தில் போப் இறந்துவிட்டார். பார்சிலோனாவின் ரப்பி (யூத மத ஆசிரியர்) ஷெலொமொ இப்ன் அத்ரெத் இவரை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் கைநூல்களில் உள்ள வழிமுறை வியக்கத்தக்க அளவு கறாரானது. தனியறை, யாருக்கும் சொல்லக்கூடாது. உடல் சுத்தம், முடிந்தால் வெண்ணிற உடை. இரவென்றால் நிறைய விளக்குகள். தொழுகைச் சால்வையும் தெஃபிலினும் (வேத வசனங்கள் அடங்கிய தோல் பெட்டிகள்) அணிந்து, மையும் எழுதுகோலும் பலகையும் எடுத்து எழுத்துகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். முதலில் எழுத்தில், பிறகு வாயில், பிறகு மனத்தில்.

வாய்ப்பயிற்சியின் அடிப்படை அலகு இப்படி: கடவுளின் நான்கெழுத்துப் பெயரிலிருந்து (யோத்-ஹே-வாவ்-ஹே) ஓர் எழுத்தை எடுத்து ஆலெஃபோடு ஜோடி சேர்ப்பது. யோத் என்று வையுங்கள். ஆலெஃபுக்கு ஐந்து உயிரொலி, யோத்துக்கு ஐந்து உயிரொலி, ஒன்றோடொன்று பெருக்கினால் 25 ஒலிப்பு. யோத்தை முன்னே வைத்து இன்னொரு 25. ஒவ்வோர் உயிரொலிக்கும் தலையசைவு உண்டு. 'ஹோலம்' என்ற ஓகாரக் குறி எழுத்துக்கு மேலே புள்ளியாக வரும், அதை ஒலிக்கும்போது தலை மேலே போகும். 'ஹிரிக்' என்ற இகாரக் குறி கீழே வரும், தலை தாழும். ஆகாரக் குறியான காமத்ஸும் ஏகாரக் குறியான ட்சேரேயும் எதிரெதிராகப் பக்கவாட்டில். மூச்சு நீளும்வரை ஒலி நீள வேண்டும், ஜோடிக்கு நடுவே மூச்சை இஷ்டத்துக்கு இழுத்து விடக்கூடாது. தியானம் என்றால் மனத்தை வெறுமையாக்குவது என்று நினைத்து வருபவர்களுக்கு இது தலைகீழ் அனுபவம். இங்கே கணக்கு, உச்சரிப்பு, கழுத்து, மூச்சு நான்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், மனம் அலைய இடமே இருக்காது. அபுலாஃபியாவின் எச்சரிக்கையும் அதே கறார்: எழுத்துகள் உறுப்புகளை ஆள்கின்றன, ஓர் எழுத்தை இடம் மாற்றிச் சொன்னால் அந்த உறுப்பு இயல்பு மாறி ஊனம் நேரலாம். செஃபெர் யெட்சிராவின் 'உடல்' தளத்தை அப்படியே நம்பினால் இது பயமுறுத்தலாகத் தெரியாது, நேரான முடிவாகவே தெரியும்.

கோலெம், அதாவது மண்ணால் செய்து எழுத்தால் உயிரூட்டிய உருவம், பற்றிய கதைகளுக்கும் இதே தர்க்கம்தான். தல்மூதில் (சன்ஹெத்ரின் 65ஆ) ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனை உருவாக்கி ரப்பி ஸேராவிடம் அனுப்புகிறார். ஸேரா பேசிப் பார்க்கிறார், பதில் வரவில்லை. 'நீ தோழர்கள் உண்டாக்கியவன், உன் மண்ணுக்கே திரும்பு' என்கிறார். அதே பக்கத்தில் ரப்பி ஹனினாவும் ரப்பி ஒஷாயாவும் ஒவ்வொரு ஓய்வுநாளுக்கு முந்தைய மாலையும் உருவாக்கத்தின் நூலைப் படித்து ஒரு கன்றுக்குட்டியை உண்டாக்கிச் சாப்பிட்டார்கள் என்றும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோர்ம்ஸ் நகரத்து எலெயாசர் இதற்குச் செய்முறையே எழுதினார். யாரும் தோண்டாத மலை மண், ஓடும் ஊற்றுநீர், பிசைந்து உருவம் செய்தபின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய எழுத்தை வாசல்கள்தோறும் சேர்த்து ஓத வேண்டும். தனியாகச் செய்யக்கூடாது என்பது இந்த வட்டாரங்களில் திரும்பத் திரும்ப வரும் விதி. வரிசையைத் தலைகீழாக ஓதினால் உருவம் மண்ணாகும்.

தலைகீழ் என்பது விளையாட்டல்ல. சாதியா பெயரில் வழங்கும் (அவர் எழுதாத) ஓர் உரையில் சில மாணவர்கள் சுற்றி வரும்போது திசை தவறிப் பின்னோக்கி நடந்துவிடுகிறார்கள். படைக்க வந்தவர்களே தொப்புள்வரை மண்ணில் புதைந்து அலறுகிறார்கள். ஆசிரியர், எழுத்துகளை முன்வரிசையில் ஓதி நடந்தபடியே இருங்கள் என்று சொல்லி மீட்கிறார். இன்னொரு கதையில் தீர்க்கதரிசி எரேமியாவும் அவர் மகன் சிராவும் மூன்றாண்டு படித்து ஒருவனை உருவாக்குகிறார்கள். அவன் நெற்றியில் 'கர்த்தராகிய கடவுள் உண்மை' என்று இருக்கிறது. அவன் கையிலிருந்த கத்தியால் 'எமெத்' என்ற சொல்லின் ஆலெஃபைச் சுரண்டிவிடுகிறான். மீதி 'மெத்': கடவுள் இறந்தார். எரேமியா துணியைக் கிழித்துக்கொண்டு அழுகிறார். எழுத்துச் சேர்க்கையில் கைதேர்ந்தவனை வைத்தே, அந்தக் கைதேர்ச்சி எங்கே கொண்டுபோய்விடும் என்று சொல்லும் இந்தக் கதைதான் கோலெம் கதைகளில் ஆழமானது என்பேன். பிராக் நகரத்து ரப்பி மஹாரால் கோலெம் செய்த கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அவர் இறந்தது 1609, அவரோடு கதை ஒட்டிக்கொண்டது நெடுங்காலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டில்.

ராவாவின் மனிதன் பேசவில்லை என்பதை மறக்காதீர்கள். சொல்லால் உண்டானவனுக்குச் சொல் இல்லை. மனிதன் எழுத்தைக் கோத்து உடலை எழுப்பலாம், பேச்சைக் கொடுக்க முடியாது என்பதே எல்லை. பின்னால், 1718இல் மறைந்த ரப்பி ஸ்வி அஷ்கெனாசி, கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரில் கோலெமைச் சேர்க்கலாமா என்றே சட்டக் கேள்வியாக எடுத்து, கூடாது என்று முடித்தார்.

வீட்டில் செய்து பார்க்கத் தகுந்த இன்னொன்று, 72 மும்மைப் பெயர். யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தின் 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்களிலும் எபிரேயத்தில் ஆளுக்கு 72 எழுத்து. முதல் வசனத்தை நேராக எழுதுங்கள். அதன் கீழே இரண்டாவதைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக. அதன் கீழே மூன்றாவதை நேராக. இப்போது மேலிருந்து கீழாகப் படித்தால் மூன்றெழுத்துப் பெயர்கள் 72 கிடைக்கும், மொத்தம் 216 எழுத்து. முதல் பெயர் வாவ்-ஹே-வாவ், இரண்டாவது யோத்-லாமெத்-யோத், மூன்றாவது சாமெக்-யோத்-தேத், நான்காவது ஆயின்-லாமெத்-மேம். இந்த நான்கும் சரியாக வந்தால் வரிசை சரி. முதல் பெயரிலேயே நடுவெழுத்து வாவாக வந்தால் இரண்டாம் வசனத்தைத் திருப்ப மறந்துவிட்டீர்கள். தொடக்கம் சரியாக இருந்து நடுவில் எங்கோ கோணலானால் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூடியிருக்கிறது. அதற்குப் பின்னுள்ள அத்தனை பெயரும் ஓரிடம் நகர்ந்து பிழையாகிவிடும்.

இந்த நுட்பங்களைக் கிறிஸ்தவ அறிஞர்கள் கையில் எடுத்தபோது நடந்ததும் இதே வகைப் பிழைதான். ஜெர்மனியின் யோஹானஸ் ரோய்ஷ்லின் 1494இல், நான்கெழுத்துப் பெயரின் நடுவில் ஷின்னைச் செருகினால் இயேசுவின் பெயர் வரும், அதுவே அற்புதச் சொல் என்று எழுதினார். கண்ணுக்கு அழகான வாதம். ஆனால் யேஷுவா என்ற பெயர் எபிரேயத்தில் ஆயினில் முடியும், ஹேயில் அல்ல. எழுத்துக்கணக்கில் ஓர் எழுத்து இடம் மாறினால் முழுதும் போச்சு. டாரோட்டின் 22 படச்சீட்டுகளை 22 எழுத்துகளோடு இணைப்பதும் 18ஆம் நூற்றாண்டு ஃப்ரான்ஸில் பிறந்த யோசனை, யூத மூலங்களில் அதற்கு வேர் கிடையாது.

எழுத்துப் பிழை உலகத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் மறைஞானிகளோடு நிற்கவில்லை. தோராச் சுருள் (மோசேயின் ஐந்து நூல்கள்) எழுதும் எழுத்தர்களின் அன்றாட வேலையில் அது இருக்கிறது. ரப்பி மெயிர் எழுத்தராக இருந்தபோது ரப்பி இஷ்மாயேல் அவரிடம் சொன்னதாகத் தல்மூதில் (எருவின் 13அ) வருகிறது: மகனே, கவனம், உன் வேலை வானத்தின் வேலை, ஓர் எழுத்தை விட்டாலோ கூட்டினாலோ உலகம் முழுவதையும் அழித்தவனாவாய். சுருளில் மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெற்றுத் தோல் தெரிய வேண்டும், பக்கத்து எழுத்தைத் தொட்டால் செல்லாது. கடவுளின் பெயரை எழுதுமுன் அதை எழுதுகிறேன் என்ற எண்ணம் வேண்டும், எழுதியபின் அழிக்கக் கூடாது. ஏன் இவ்வளவு? 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் யூத அறிஞர் நஹ்மானிதெஸ் தம் தோரா உரையின் முன்னுரையில் காரணம் சொல்கிறார்: தோரா முழுவதுமே கடவுளின் பெயர்கள், இடைவெளியைப் பிரிப்பதுதான் வேறு. சொற்பொருளை மாற்றாத ஓர் எழுத்து குறைந்தாலும் சுருள் செல்லாது என்ற சட்டத்துக்கு இதையே அவர் விளக்கமாக வைக்கிறார்.

கடைசியாக, இன்றைக்கும் பரவலாகப் படிக்கப்படும் ஹசிதிய வடிவம். ஹசிதியம் என்பது 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த யூதப் பக்தி இயக்கம். லியாதியின் ஷ்நெயூர் ஸல்மான் 1796இல் அச்சிட்ட தன்யா என்ற நூலின் இரண்டாம் பகுதி, 'கர்த்தாவே, உமது வார்த்தை என்றென்றைக்கும் வானங்களில் நிலைத்திருக்கிறது' என்ற 119ஆம் சங்கீத வசனத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. ஹசிதியத்தை நிறுவிய பால் ஷெம் தோவின் விளக்கம் என்று அவர் தருவது: 'ஆகாயவிரிவு உண்டாகக்கடவது' என்ற சொல் அன்றைக்குச் சொல்லி முடிந்துபோனதல்ல, அதன் எழுத்துகள் இந்தக் கணமும் ஆகாயத்துக்குள் நிற்கின்றன. ஒரு நொடி விலகினால் எல்லாம் படைப்புக்கு முந்தைய இன்மைக்குத் திரும்பும்.

உடனே ஒரு கேள்வி வரும். பத்துச் சொற்களில் 'கல்' என்ற சொல்லே இல்லையே, கல் எப்படி நிற்கிறது? பதில் 231 வாசல்கள். பத்துச் சொற்களின் எழுத்துகள் இடம் மாறி, பதிலி எழுத்துகளாகி, படிப்படியாக இறங்கிக் கல்லின் பெயரான 'எவென்' வரை வருகின்றன என்கிறார். அந்தப் பெயரைப் பிரித்தும் காட்டுகிறார். ஆலெஃப், பேத், நூன். இதில் பேத்-நூன் என்பது 52. நான்கெழுத்துப் பெயரை ஒவ்வோர் எழுத்தின் பெயராகவும் விரித்து எழுதும் நான்கு முறைகளில் கடைசியானது: யோத் 20, ஹே 10, வாவ் 12, ஹே 10, கூட்டினால் 52. ஹேயையும் வாவையும் வேறு எழுத்துகளால் விரித்தால் 72, 63, 45 என்ற மற்ற மூன்று கூட்டுத்தொகைகள். ஆக, கல் என்பது 52 என்ற பெயரோடு, வேறொரு பெயரிலிருந்து வந்த ஓர் ஆலெஃப், படைத்தவருக்கே தெரிந்த காரணத்தால்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நடைமுறை யோசனை ஒன்று. செஃபெர் யெட்சிராவின் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே அட்டவணைகளை முடியுங்கள். பாடங்களைக் கலக்காதீர்கள். ஒரு பாடத்தில் பேத் சனிக்கு உரியது, 18ஆம் நூற்றாண்டு லித்துவேனிய அறிஞர் வில்னா காவோன் திருத்திய பாடத்தில் அதே பேத் சந்திரனுக்கு. ஆறு திசை முத்திரைகளின் வரிசையும் பாடத்துக்குப் பாடம் மாறும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் பெரும்பாலானவை எந்தப் பாடம் என்று சொல்லாமலே இரண்டையும் கலந்து போட்டிருப்பார்கள். கோள் வரிசையைப் பார்த்ததும் அது எந்தப் பாடம் என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.